வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகளும் குறிகட்டுவான் வீதியும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை ஊடாகப் புங்குடுதீவை ஊடறுத்துச் செல்லும் வீதி குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிவடைகின்றது. அதற்கப்பால் கடல்தான். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் அங்கிருந்தே படகேற வேண்டும். நயினாதீவுக்கு அடிக்கடி படகுகள் உண்டு. நெடுந்தீவுக்கோ நாளொன்றுக்குச் சில தடவைகள் மாத்திரமே. அதைத் தவறவிட்டவர் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மாலைப் படகாயின் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். இதனால், இவ்வீதியில் செல்லும் வாகனங்களில் பலவற்றின் வேகத்தைத் தீர்மானிப்பது வீதியின் தன்மையன்று. படகு புறப்படும் நேரமே அதனைத் தீர்மானிக்கின்றது.

நாகபூஷணி அம்மன் ஆலயத்தின் ஆனி மாத மகோற்சவ காலத்தில் இந்த நெருக்கடி பன்மடங்காகின்றது. நாகதீப விகாரைக்கு வரும் தென்னிலங்கை யாத்திரிகர்களின் பஸ்களும் இதே வீதியையே நம்பியுள்ளன. கொழும்பிலிருந்து திருவிழாவுக்கு வரும் தமிழ்க் குடும்பங்களாயினும், 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்து, இன்றும் சொந்த மண்ணுக்கு வந்துபோகும் முஸ்லிம் குடும்பங்களாயினும், இரவோடிரவாக வான் ஒன்றில் புறப்பட்டு விடியற்காலையில் யாழ்ப்பாணத்தை அடைவதே வழக்கம். தீவகத்துக்குச் செல்லும் வான்களில் பல, இரவு முழுவதும் கண்விழித்த சாரதியின் கையிலேயே முதற் படகை நோக்கி விரைகின்றன.

இத்தகைய பயணங்களில் இன்று பயன்படும் வாகனங்கள் பலவற்றில் வேகத்தையும் பிரேக்கையும் கண்காணிக்கும் கணினிகள் உள்ளன. "இதில் எல்லாம் இருக்கிறது, பயப்பட வேண்டாம்" என்று சாரதிகள் கூறுவதைக் கேட்கலாம். எல்லாம் இருக்கின்றன என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அவை வேலை செய்கின்றனவா, கடலின் நடுவே செல்லும் இந்த வீதியில் அவற்றால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பன வேறு கேள்விகள். அவற்றுக்கான விடையை ஒவ்வொரு வாகன உரிமையாளரும் பயணியும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

ஒரு நிமிடத்தின் விலை

முதலில் ஒரு எளிய கணக்கைப் பார்ப்போம். இருபுறமும் கடல் சூழ்ந்த நான்கு கிலோமீற்றர் நீளமான திறந்த பாதையொன்றை மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் கடக்க நான்கு நிமிடங்கள் ஆகும். 80 கிலோமீற்றர் வேகத்தில் மூன்று நிமிடங்கள் ஆகும். மிச்சப்படுவது ஒரே ஒரு நிமிடம்.

இந்த ஒரு நிமிடத்துக்குக் கொடுக்கப்படும் விலை என்ன? 60 இல் செல்லும் கார் ஒவ்வொரு செக்கனுக்கும் ஏறத்தாழ 17 மீற்றர் முன்னேறுகின்றது. குறுக்கே ஒரு மாடு வருவதைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குச் சாரதிக்கு ஒரு செக்கன் தேவை எனக் கொள்வோம். அந்த 17 மீற்றருடன், உலர்ந்த நல்ல தார் வீதியில் நல்ல பிரேக்குகள் காரை நிறுத்த எடுக்கும் சுமார் 20 மீற்றரையும் சேர்த்தால் மொத்தம் 37 மீற்றரளவில் கார் நின்றுவிடும். 80 இல் செல்லும் காருக்கு இதே கணக்கில் 57 மீற்றருக்கும் மேல் தேவைப்படும்.

இதைவிடக் கவனிக்கத்தக்கது வேறொன்று உண்டு. 60 இல் வந்த கார் முற்றாக நின்றுவிட்ட அதே இடத்தை, 80 இல் வந்த கார் இன்னும் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீற்றர் வேகத்துடன் கடந்துகொண்டிருக்கும். முதலாவது சாரதி நெஞ்சைத் தடவிக்கொண்டு மாட்டுக்கு வழிவிடும் இடத்தில், இரண்டாவது சாரதி அதன் மீது முழு வேகத்தில் மோதுகின்றார் என்பதே இதன் பொருள். காற்று வீசி வீதியில் மணல் படிந்திருக்கும் காலத்தில் ரயரின் பிடிப்புப் பாதியாகக் குறைந்தால், பிரேக் பிடித்த பின் செல்லும் தூரம் இருமடங்காகும். எந்தக் கணினியாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. ரயருக்கும் வீதிக்கும் இடையிலுள்ள பிடிப்பு எவ்வளவோ, அதற்குள்ளேயே எல்லாக் கருவிகளும் இயங்க வேண்டும்.

சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று அதிகரித்தால் உயிரிழப்பு விபத்துக்கான அபாயம் நூற்றுக்கு நான்கு அதிகரிக்கின்றது என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இலங்கையில் ஆண்டுதோறும் வீதி விபத்துகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்துவரும் நிலையில் இது வெறும் புள்ளிவிபரம் அன்று.

மொறிஸ் மைனரிலிருந்து கணினி வரை

யாழ்ப்பாணத்துச் சாரதிகளின் பழக்கங்களைப் புரிந்துகொள்ள அவர்கள் ஓட்டிய வாகனங்களை நினைவில் கொள்ள வேண்டும். போர்க்காலத்தில், எரிபொருள் தடை நிலவிய ஆண்டுகளில், ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களே குடாநாட்டில் ஓடின. சிறிதளவு பெற்றோலை விட்டு இயந்திரத்தை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. ஏ-9 வீதி 2002 இல் திறக்கப்பட்டு, 2006 இல் மூடப்பட்டு, 2009 இல் மீண்டும் திறக்கப்பட்ட பின்னரே ஜப்பானிய மீள்சீரமைப்பு வாகனங்கள் இங்கு பெருமளவில் வரத் தொடங்கின. கம்பியாலும் எண்ணெய்க் குழாயாலும் இயங்கிய காரிலிருந்து கணினியால் இயங்கும் காருக்கு ஒரு தலைமுறை ஒரே எட்டில் தாவியது எனலாம்.

பழைய காரில் எக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு கம்பி இழுபட்டு, காபரேட்டரின் வாயில் திறக்கும். புதிய காரில் மிதியடியின் அசைவு ஒரு மின் சமிக்ஞையாகக் கணினிக்குச் செல்கின்றது. எவ்வளவு காற்று, எவ்வளவு எரிபொருள் என்பதைக் கணினியே தீர்மானித்து ஒரு சிறு மோட்டார் மூலம் வாயிலைத் திறக்கின்றது. சாரதிக்கும் இயந்திரத்துக்கும் இடையே இவ்வாறு ஒரு நடுவர் வந்து அமர்ந்த பின்னரே வேகத்தை இலத்திரனியல் முறையில் கட்டுப்படுத்துவது இலகுவாயிற்று.

பிடித்து வைத்தலும் எல்லை இடுதலும்

வேகக் கட்டுப்பாடு என்ற சொல்லின் கீழ் மூன்று வெவ்வேறு கருவிகள் உள்ளன. இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது, 'குறூஸ் கொன்ரோல்' எனப்படும் வேகத்தைப் பிடித்து வைக்கும் கருவி. இதனைக் கண்டுபிடித்தவர் ரால்ப் ரீட்டர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர். ஐந்து வயதில் பார்வையை இழந்த அவர், பிறர் ஓட்டும் காரில் பயணம் செய்யும்போது வேகம் சீரின்றிக் கூடிக் குறைவதை உடலால் உணர்ந்து எரிச்சலுற்றதே இக்கண்டுபிடிப்புக்குக் காரணம் எனச் சொல்லப்படுவதுண்டு. 1950 இல் அவருக்கு இதற்கான காப்புரிமை கிடைத்தது. 1958 ஆம் ஆண்டுக்கான கிறைஸ்லர் கார்களில் அது பொருத்தப்பட்டது. இக்கருவி நீண்ட நெடுஞ்சாலையில் காலுக்கு ஓய்வு தருவதற்கானது. அது பாதுகாப்புக் கருவியன்று. மழையில் நனைந்த அல்லது மணல் படிந்த வீதியில் இதனைப் பயன்படுத்த வேண்டாம் எனத் தயாரிப்பாளர்களின் கைநூல்களே எச்சரிக்கின்றன. களைப்புற்ற சாரதிக்கு இது உதவுவதற்குப் பதிலாக அவரை மேலும் உறக்கத்தில் ஆழ்த்தவும் கூடும்.

இரண்டாவது, வேக எல்லைக் கருவி. குறித்த வேகத்துக்கு மேல் இயந்திரத்துக்கு எரிபொருளை வழங்காது இது தடுக்கும். ஜப்பானின் உள்நாட்டுப் பாவனைக்காகத் தயாரிக்கப்பட்ட கார்களில் இது வழமையாகவே உண்டு. ஆயினும் சாதாரண கார்களில் அந்த எல்லை மணிக்கு 180 கிலோமீற்றர்; சிறிய 660 சிசி கார்களில் 140 கிலோமீற்றர். இலங்கையில் கார்களுக்கான உச்ச வேகம் குடியிருப்புப் பகுதிகளில் 50, ஏனைய வீதிகளில் 70, அதிவேக நெடுஞ்சாலைகளில் 100 கிலோமீற்றர் ஆகும். எனவே நமது வீதிகளில் அந்த எல்லை இருந்தும் இல்லாததற்கே சமம்.

கனரக வாகனங்களின் நிலை வேறு. ஜப்பானில் பாரிய லொறிகளை 90 கிலோமீற்றருக்கு மேல் செல்லாது தடுக்கும் கருவி 2003 இலிருந்து கட்டாயமாக்கப்பட்டது. இந்தியாவில் 2015 இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, புதிய போக்குவரத்து வாகனங்களில் பெரும்பாலானவற்றுக்கு 80 கிலோமீற்றர் எல்லையும், பாடசாலை பஸ்கள் போன்றவற்றுக்கு 60 கிலோமீற்றர் எல்லையும் விதிக்கப்பட்டன. நமது வீதிகளில் ஓடும் பஸ்களில் பெரும்பகுதி இந்தியாவில் தயாரான லேலண்ட், டாடா வண்டிகள் என்பது அனைவரும் அறிந்ததே. ஆனால் இந்திய விதி இந்திய வீதிகளுக்கானது. ஏற்றுமதியாகும் வண்டிக்கு அது தானாகப் பொருந்திவிடாது. இங்கே கட்டாயப்படுத்தினாலன்றி இங்கே அது நடைமுறைக்கு வராது.

மூன்றாவது, வீதியின் எல்லையை அறிந்து எச்சரிக்கும் நுண்ணறிவுக் கருவி. கமரா மூலம் வீதிக் குறியீடுகளை வாசித்தும், செய்மதி வழிகாட்டி வரைபடத்தைப் பார்த்தும், இவ்விடத்தில் இவ்வளவு வேகமே அனுமதிக்கப்பட்டுள்ளது என இது சாரதிக்கு உணர்த்தும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலை முதல் புதிய மாதிரிகளுக்கும், 2024 ஜூலை முதல் விற்பனையாகும் எல்லாப் புதிய கார்களுக்கும் இது கட்டாயமாகும். எனினும் அங்கும் சாரதி விரும்பினால் மிதியடியை மேலும் அழுத்தி அதனை மீறலாம். இறுதித் தீர்மானம் மனிதனிடமே விடப்பட்டுள்ளது. இந்தியா இதைவிட எளிய வழியைத் தேர்ந்தெடுத்தது. 2019 ஜூலை முதல் அங்கு தயாராகும் கார்களில் 80 கிலோமீற்றரைத் தாண்டினால் விட்டுவிட்டு ஒலியும், 120 ஐத் தாண்டினால் இடைவிடாத ஒலியும் எழும். 1980களின் ஜப்பானியக் கார்களை ஓட்டியோருக்கு இது புதிதாகத் தோன்றாது. நூறைச் சற்றுத் தாண்டியதும் அவற்றில் கேட்ட மணியோசையை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பிரேக்கின் பின்னாலுள்ள கணினி

வேகத்தைக் கட்டுப்படுத்துவதில் மிக முக்கியமானது அதனைக் குறைக்கும் ஆற்றலாகும். திடீரென பிரேக்கை அழுத்தும்போது சில்லுகள் பூட்டிக்கொண்டு சுழலாது நின்றால் வாகனம் வழுக்கிச் செல்லும். ஸ்ரியரிங்கைத் திருப்பினாலும் அது திரும்பாது. ஏ.பி.எஸ். எனப்படும் பூட்டாத பிரேக் முறைமை ஒவ்வொரு சில்லின் சுழற்சியையும் அளந்து, எது பூட்டப் போகின்றதோ அதன் பிரேக்கைச் செக்கனுக்குப் பல தடவைகள் தளர்த்தி இறுக்குகின்றது. 1978 இல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் மேர்சிடஸ் காரில் இதனை அறிமுகப்படுத்தியது.

இங்கேதான் பழைய பழக்கம் ஆபத்தாகின்றது. பழைய கார்களில் பழகிய சாரதிகள் வழுக்கும் வீதியில் பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்கக் கற்றவர்கள். அன்று அது சரியான முறை. ஏ.பி.எஸ். உள்ள காரில் அவ்வாறு செய்தால் கருவியின் வேலை குழம்பி, நிற்கும் தூரம் அதிகரிக்கும். பலமாக ஒரே தடவையில் மிதித்து, காலை எடுக்காது வைத்திருந்து, அதேவேளை தடையைச் சுற்றி ஸ்ரியரிங்கைத் திருப்புவதே சரியான முறை. மிதியடி அதிர்வதும் கரகரவென்று ஒலி எழுவதும் பழுதின் அறிகுறிகளல்ல. கருவி வேலை செய்வதன் அறிகுறிகளே. அந்த அதிர்வுக்குப் பயந்து காலை எடுப்போர் அதன் பயனை இழக்கின்றனர். மேலும், தளர்ந்த மணலிலும் கிரவலிலும் ஏ.பி.எஸ். உள்ள கார் நிற்பதற்குக் கூடுதல் தூரம் எடுக்கக் கூடும் என்பதையும் மறத்தலாகாது. அது தருவது திசையைக் கட்டுப்படுத்தும் ஆற்றலே. குறைந்த தூரத்தில் நிறுத்துவேன் என்ற உறுதியன்று.

இதன் அடுத்த படி, வாகனம் நிலைதடுமாறுவதைத் தடுக்கும் இலத்திரனியல் முறைமையாகும். சாரதி திருப்பும் திசைக்கும் வாகனம் உண்மையில் செல்லும் திசைக்கும் வேறுபாடு ஏற்பட்டால், தேவையான ஒரு சில்லுக்கு மாத்திரம் பிரேக் கொடுத்து வாகனத்தை நேர்ப்படுத்துகின்றது. 1995 இல் மேர்சிடஸ் கார்களில் இது அறிமுகமானது. இரண்டு ஆண்டுகளின் பின், அதே நிறுவனத்தின் சிறிய ஏ-கிளாஸ் கார் சுவீடனில் நடைபெற்ற பரிசோதனையொன்றில், திடீரெனக் குறுக்கே வரும் மிருகத்தைத் தவிர்ப்பது போன்று திருப்பப்பட்டபோது கவிழ்ந்தது. அதன் பின்னர் அக்காரின் எல்லா வண்டிகளுக்கும் இம்முறைமை பொருத்தப்பட்டது. தனி வாகன விபத்துகளைக் கார்களில் 34 சதவீதத்தாலும், உயரமான ஜீப் வகை வாகனங்களில் 59 சதவீதத்தாலும் இது குறைக்கும் என அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் 2007 இல் மதிப்பிட்டது. அமெரிக்காவில் 2012 ஆம் ஆண்டு மாதிரிகள் முதலும், ஐரோப்பாவில் 2014 முதலும் எல்லாப் புதிய கார்களுக்கும் இது கட்டாயமாயிற்று. விலகினால் கடல் என்ற நிலையிலுள்ள பாதையில் இதைவிடப் பயனுள்ள இலத்திரனியல் கருவி வேறில்லை எனலாம்.

இங்கு இன்னொரு விடயத்தையும் சொல்ல வேண்டும். நமது வீதிகளில் அதிகம் ஓடுவன மோட்டார் சைக்கிள்கள். இந்தியா 2019 இலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிள்களுக்கு ஏ.பி.எஸ். முறையைக் கட்டாயமாக்கியது. ஆனால் இங்கு பெரும்பாலானோர் ஓட்டுவது அதற்குக் குறைந்த திறனுடையவற்றையே. ஏ.பி.எஸ். உள்ள கார் சடுதியாக நிற்கும்போது அதன் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் அவ்வாறு நிற்க முடியாது. கார்ச் சாரதிக்குக் கிடைத்த பாதுகாப்புப் பின்னால் வருபவருக்கு ஆபத்தாகாதிருக்க இடைவெளி ஒன்றே வழி.

உப்புக் காற்று

தீவகத்தில் வாகனம் வைத்திருப்போர் சோளகக் காற்றையும் வாடைக் காற்றையும் நன்கறிவர். கதவின் அடிப்பகுதியும் சைலன்சரும் துருப்பிடிப்பதைக் கண்ணால் காணலாம். காண முடியாத இடத்தில் நடப்பதே கூடுதல் ஆபத்தானது. ஏ.பி.எஸ். கணினிக்குச் செய்தி அனுப்பும் உணரிகள் ஒவ்வொரு சில்லின் அருகிலும், உப்பு நீரும் மணலும் தெறிக்கும் இடத்திலேயே உள்ளன. பற்சக்கர வளையம் துருப்பிடித்தாலோ, இணைப்புகளில் பச்சை படிந்தாலோ செய்தி தவறிவிடும். அப்போது கணினி ஏ.பி.எஸ். முறையை நிறுத்திவிட்டு, முகப்பில் மஞ்சள் விளக்கை எரியவிடும். சாதாரண பிரேக் தொடர்ந்து வேலை செய்வதால் சாரதிக்கு எந்த வித்தியாசமும் தெரிவதில்லை. விளக்கு எரிந்தபடியே மாதக்கணக்கில் ஓடும் வாகனங்கள் ஏராளம். ஏ.பி.எஸ். நின்றால் அதே உணரிகளை நம்பியுள்ள நிலைதடுமாறாத் தடுப்பு முறையும் நின்றுவிடும்.

விற்கும்போது அந்த விளக்கு எரியாதபடி இணைப்பைத் துண்டித்து விடுவோரும் உண்டு. இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. திறப்பைத் திருப்பியதும் ஏ.பி.எஸ். விளக்கும் காற்றுப்பை விளக்கும் சில செக்கன்கள் எரிந்து அணைய வேண்டும். அணையாது எரிந்தால் பழுது. அறவே எரியாவிட்டால் எதையோ மறைத்திருக்கிறார்கள் எனச் சந்தேகிக்க வேண்டும். வாகனம் வாங்கச் செல்வோர் தொலைபேசியில் படம் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய முதற் சோதனை இதுவேயாகும். கடற்கரைப் பயணத்தின் பின் வாகனத்தின் அடிப்பகுதியை நல்ல நீரால் கழுவுவதும் எளிய பாதுகாப்பே.

காற்றுப்பையும் ஆசனப் பட்டியும்

சுவீடனின் வொல்வோ நிறுவனத்தில் பணிபுரிந்த நில்ஸ் பொலின் 1959 இல் வடிவமைத்த மூன்று முனை ஆசனப் பட்டியே இன்றுவரை கார்களில் அதிக உயிர்களைக் காத்த கருவியாகும். அதில் இலத்திரனியல் எதுவும் இல்லை. காற்றுப்பை அதற்குத் துணையேயன்றி மாற்றீடு அல்ல. கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரியும் பையின் மீது பட்டி அணியாத ஒருவர் முன்னோக்கி வீசப்பட்டால், காக்க வந்த பையே காயப்படுத்தும். முன் ஆசனத்தில் குழந்தையை மடியில் வைத்திருப்பது இதனாலேயே மிக ஆபத்தானது. யாத்திரை செல்லும் வான்களின் பின் ஆசனங்களில் பட்டிகள் ஆசன உறைகளின் கீழ் புதைந்து கிடப்பதைக் காணலாம். அவற்றை வெளியே எடுத்துவிட ஐந்து நிமிடங்கள் போதும்.

காற்றுப்பை பற்றி நமது பிரதேசத்தவர் சிறப்பாக அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஜப்பானின் தகாட்டா நிறுவனம் தயாரித்த காற்றுப்பைகளில் அமோனியம் நைத்திரேற்று என்ற வெடிபொருள் பயன்படுத்தப்பட்டது. நீண்டகால வெப்பமும் ஈரப்பதனும் அதனைச் சிதைத்து, பை விரியும்போது உலோகக் கூடு வெடித்துச் சிதறி அதன் துண்டுகள் பயணிகளைத் தாக்கின. அமெரிக்கா, மலேசியா, அவுஸ்திரேலியா உட்படப் பல நாடுகளில் இதனால் மரணங்கள் நிகழ்ந்தன. பல நிறுவனங்களின் வாகனங்கள் மீள அழைக்கப்பட்டன. அமெரிக்காவில் மாத்திரம் இவ்வாறு மீள அழைக்கப்பட்டவை சுமார் 6 கோடி 70 இலட்சம். தகாட்டா 2017 இல் வங்குரோத்தாகியது. வெப்பமும் ஈரமும் ஒருங்கே நிறைந்த நமது கரையோரம், இந்தக் குறைபாடு வளர்வதற்கு ஏற்ற சூழலாகும். அக்காலப்பகுதியில் தயாரான ஜப்பானிய வாகனங்களை வைத்திருப்போர், செசி இலக்கத்தைக் கொடுத்து உள்ளூர் முகவரிடமோ, தயாரிப்பாளரின் ஜப்பானிய இணையத்தளத்திலோ தமது வாகனம் மீள அழைக்கப்பட்டதா எனச் சரிபார்க்கலாம்.

அந்நிய வீதியில் பழகிய கண்கள்

மீள்சீரமைப்புக் காரை இயக்கியதும் ஜப்பானிய மொழியில் ஒரு பெண்குரல் ஏதோ சொல்வதை நாம் சிரித்துக்கொண்டே கேட்கிறோம். பெரும்பாலும் அது அந்நாட்டு நெடுஞ்சாலைக் கட்டண அட்டையைச் செருகவில்லை என்று நினைவூட்டுகின்றது. அந்த அட்டை இங்கே இல்லை. அந்தக் குரலைப் போன்றதே அக்காரின் ஏனைய அறிவும். அதன் கமரா அந்நாட்டு வீதிக் குறியீடுகளுக்குப் பழக்கப்பட்டது. அதன் வரைபடம் அந்நாட்டுக்குரியது. பாதை விலகினால் எச்சரிக்கும் கருவிக்குத் தெளிவான கோடுகள் தேவை. ஓரக் கோடுகள் அழிந்த இடத்தில் அது மௌனமாகிவிடும்.

தானாகவே பிரேக் பிடிக்கும் கருவிகள் முன்னால் செல்லும் வாகனங்களையும் பாதசாரிகளையும் கண்டுகொள்ளவே பெரும்பாலும் பயிற்றப்பட்டுள்ளன. குறுக்கே வரும் மாட்டையும் ஆட்டையும் அவை கண்டுகொள்ளும் என நம்பியிருக்க முடியாது. மாலைப் படகுக்காக மேற்கு நோக்கி விரையும்போது தாழ்ந்த சூரியன் சாரதியின் கண்களைக் கூசச் செய்வது போலவே கமராவையும் கூசச் செய்யும். கண்ணாடியில் படியும் உப்புப் படலமும் அதன் பார்வையை மங்கச் செய்யும். கருவியின் உதவி மிக அதிகமாகத் தேவைப்படும் வேளையிலேயே அது கைவிடக் கூடும் என்பதைச் சாரதிகள் உணர்ந்திருத்தல் வேண்டும்.

சட்டம் நிற்கும் இடம்

இலங்கையில் முன் ஆசனங்களில் பட்டி அணிவது 2011 ஒக்ரோபர் முதல் கட்டாயமாயிற்று. சாரதிக்கும் முன் பயணிக்கும் காற்றுப்பை, ஏ.பி.எஸ்., மூன்று முனைப் பட்டி ஆகியன இல்லாத வாகனங்களை 2018 ஜனவரி முதல் இறக்குமதி செய்ய முடியாது என அவ்வாண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்க முடிவே. ஆனால் அதற்குச் சிறிது காலத்தின் பின், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் இருந்த வாகனங்களே முதுமையடைந்தன. விலை உயர்ந்தது, உதிரிப்பாகங்கள் அரிதாகின. கருவிகள் உள்ள வாகனங்களிலும் அவை பழுதுபட்ட நிலையிலேயே பல ஓடுகின்றன.

இங்கு ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. 2008 இலிருந்து வருடாந்த வருமான அனுமதிப் பத்திரத்தைப் பெறுவதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் அவசியமாகும். பஸ், லொறி போன்ற வாகனங்களுக்குத் தகுதிச் சான்றிதழும் தேவை. ஆனால் தனியார் காரின் பிரேக்கோ, ஏ.பி.எஸ். விளக்கோ, ஆசனப் பட்டியோ ஒவ்வோராண்டும் பரிசோதிக்கப்படுவதில்லை. புகையை அளக்கும் அதே நிலையத்தில், அதே பத்து நிமிடங்களில், அந்த விளக்குகள் எரிந்து அணைகின்றனவா என்று பார்ப்பதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. ஆணை ஒன்றே போதுமானது.

2025 மே மாதத்தில் கொத்மலைப் பகுதியில் பயணிகள் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது நாடே அதிர்ந்தது. ஒவ்வொரு பேரனர்த்தத்தின் பின்னும் கருவிகள் பற்றிப் பேசப்படுகின்றது. சில வாரங்களில் மறக்கப்படுகின்றது. மலைநாட்டில் பள்ளம் எதுவோ, தீவகத்தில் கடல் அதுவாகும். பயணிகள் பஸ்களுக்கும் வாடகை வான்களுக்கும் இந்தியாவைப் போன்று வேக எல்லைக் கருவியைக் கட்டாயமாக்குவதும், கடல்வழிப் பாதைகளில் ஓரக் கோடுகளையும் ஒளிதெறிப்பான்களையும் வேகக் குறியீடுகளையும் தெளிவாக அமைத்துப் பேணுவதும் உரியோர் செய்ய வேண்டியவை. குறியீடே இல்லாத வீதியில் உலகின் மிக நுண்ணறிவுள்ள காரும் வாசிப்பதற்கு ஒன்றுமில்லை.

படகு நேரத்துக்கும் பஸ் நேரத்துக்கும் இடையே சிறிது அவகாசம் இருக்குமாறு நேர அட்டவணைகளை ஒருங்கிணைப்பதும் ஒருவகைப் பாதுகாப்புத் தொழில்நுட்பமே. மின்சாரமோ கணினியோ இன்றி, எல்லா வாகனங்களின் வேகத்தையும் ஒரே நாளில் அது குறைத்துவிடும்.

சாரதியும் பயணியும் செய்ய வேண்டியதோ இதைவிட எளிது. திறப்பைத் திருப்பும்போது விளக்குகளைப் பார்ப்பது, பட்டியை அணிவது, பதினைந்து நிமிடங்கள் முன்னதாகப் புறப்படுவது ஆகிய மூன்றுமே அவை. தவறிய படகுக்குப் பின்னால் இன்னொரு படகு நிச்சயம் வரும்.